ஒன்பதாவது பத்தி

பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய்க் கூண்டில் ஏற வேண்டும், சத்தியம் செய்ய வேண்டும், வக்கீல் ஒரு கேள்வி கேட்பார், ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஆமாம். பல் பிடுங்குவதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும் என்று வக்கீல் சம்பந்தம் நேற்று போனில் சொன்னார், அவருக்குப் பல் பிடுங்கிக்கொண்ட அனுபவம் நிறைய இருக்கும்போல. மணி பத்தே முக்கால். குடும்ப நீதிமன்றத்தின் முதல் மாடி வராந்தாவில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதே கீழே பார்த்தால்தான் தெரிகிறது. சில மாதங்களாக உடம்பு இப்படித்தான் இருக்கிறது, சூடு சூடாகத் தெரிவதில்லை, பசி பசியாகத் தெரிவதில்லை, போன வாரம் கேட்டில் விரல் நசுங்கியபோதுகூட ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அடடா என்றேன். மடியில் பச்சை நாடா கட்டிய ஃபைல். உள்ளே நிரூபண வாக்குமூலம். மனுவில் என்னென்ன சொன்னேனோ அதையெல்லாம் சத்தியமாகத் திரும்பச் சொல்லும் காகிதம், பதினான்கு பத்தி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து. பதினான்கில் பதின்மூன்று என் வீட்டில் நடந்தவை, கொஞ்சம் இழுத்துப் பெரிதாக்கியவை, சரி, அது எல்லோரும் செய்வது. ஒன்பதாவது பத்தி மட்டும் என் வீட்டில் நடக்கவே இல்லை. ஆமாம் என்று சொன்னால் அதற்கும் சேர்த்துத்தான் ஆமாம். சொல்லிவிட்டால் விவாகரத்து கைக்கு வந்த மாதிரிதான் என்கிறார் சம்பந்தம். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவரிடம் நான் கேட்கவில்லை, கேட்டால் எதற்குக் கேட்கிறேன் என்று கேட்பார்.

ஒன்பதாவது பத்தி எனக்கு மனப்பாடம். சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை சுமார் ஐந்து மணியளவில் மனுதாரர் பணி முடிந்து வீடு திரும்பியபோது எதிர்மனுதாரர் கதவை உள்பக்கமாகத் தாழிட்டுக்கொண்டு, கொட்டும் மழையில் மனுதாரரைச் சுமார் இரண்டு மணி நேரம் வாசலிலேயே நிற்கவைத்து, செத்துப்போ என்று கூறி, அக்கம்பக்கத்தார் முன்னிலையில் தீராத அவமானத்துக்கும் மன உளைச்சலுக்கும் ஆளாக்கினார். மனுதாரர் நான். அறிவழகன், வயது நாற்பத்தொன்று, எடைமேடை ஆபரேட்டர். எதிர்மனுதாரர் என் மனைவி மங்கையர்க்கரசி. முதல் தடவை படித்தபோது இது என்னடா என்றுதான் இருந்தது. குமாஸ்தா லூர்துசாமியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ, இது மண்ணச்சநல்லூர்க்காரரோடதுங்க. அவரு மனுமேலயே உங்களோடத அடிச்சேன், பேரு ஊரெல்லாம் மாத்துனேன், இந்த ஒரு பத்தி அழிக்காம நின்னுபோச்சு." அப்புறம் அவரே சமாதானமும் சொன்னார். "மனு கோர்ட்டுல ஏறி நம்பர் ஆயிடுச்சுங்க. இப்பத் திருத்த மனு போட்டா நாலஞ்சு வாய்தா போயிரும். விடுங்க, அந்தம்மா எல்லாத்தையும் மறுக்கத்தான் போறாங்க. இதையும் மறுப்பாங்க. அதோட அது செத்துப்போயிரும்." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. எங்கள் எடைமேடையில் லாரி டிரைவர் இறங்காமல் வண்டியை நிறுத்துவதுண்டு, அறுபது எழுபது கிலோ கூட வரும், பத்து டன் லோடில் அது ஒரு பொருட்டா என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிடுவேன். யாரோ ஒரு மண்ணச்சநல்லூர்க்காரன் என் மனுவில் ஏறி உட்கார்ந்திருக்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும். பாவம், அவன் உண்மையிலேயே நனைந்திருக்கிறான். எனக்கு அவன் பெயர்கூடத் தெரியாது.

டவாலி வெளியே வந்து யாரோ ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு உள்ளே போகிறார். நான் இல்லை. வராந்தாவின் அந்தக் கோடியில், ஆலோசகர் அறைக்கு வெளியே, அவள் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் தம்பி கதிரவன். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிகிறது. முதன்முதலில் சம்பந்தம் ஆபீசுக்குப் போன நாளில் அவர் கேட்டது ஒரே கேள்விதான், என்ன பிரச்சினை? ஒண்ணுமில்ல சார் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஒண்ணுமில்லங்கிறதுக்கு டைவர்ஸ் கிடையாதுங்க அறிவழகன். சட்டத்துல அப்படி ஒரு காரணமே இல்ல. அடிச்சாங்களா? இல்ல. வேற தொடர்பு? இல்ல. வீட்ட விட்டுப் போனாங்களா?" இல்லை சார், ஒரே வீடுதான், அவள் உள் அறையில், நான் கூடத்தில். "அப்பக் கொடுமைதான்" என்று சொல்லி மஞ்சள் தாளில் கொடுமை என்று எழுதி அடியில் கோடு போட்டார். அதுவரைக்கும் அந்தச் சொல் எனக்குத் தோன்றியதே இல்லை. ஜுரமடிக்கிறது என்று போனவனிடம் இது டைபாய்டு என்று சொன்ன மாதிரி ஒரு நிம்மதி வந்தது, ஓகோ, இதற்குப் பெயர் இதுதானா. வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போதே எல்லாம் வரிசையில் வந்து நின்றுவிட்டன. என் அக்கா வந்திருந்தபோது அவள் எழுந்து வராமல் இருந்தது கொடுமை. குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது, நான் உப்பு தின்றால் ஆகாதவன் என்று தெரிந்தும் தூக்கலாக இருந்தது, கொடுமை. நான் பேசும்போது அவள் துணி மடிப்பது. நான் பேசாதபோதும் துணி மடிப்பது. அந்தச் சொல் வருவதற்கு முன்னால் இவையெல்லாம் வெறும் உப்பும் துணியுமாகத்தான் இருந்தன. வந்த பிறகு எனக்கு அவளைப் பார்த்தாலே எதையாவது குறித்துக்கொள்ளத் தோன்றியது, உண்மையாகவே ஒரு சின்ன நோட்டு வாங்கினேன், சம்பந்தம்தான் தேதி போட்டுக் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார். அப்புறம் நான் தனி வீடு பார்த்துக்கொண்டு கிளம்பினேன்.

மழை எப்போது பெய்ய ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். வானத்தில் இல்லை, எனக்குள். மனு போட்டு இரண்டு மூன்று மாதம் இருக்கும். என் அக்கா தமயந்தி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அக்கா வழக்கம்போல அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள், நான் சும்மா இருக்கக்கூடாதே என்று, பேச்சுக்கு, "மழையில ரெண்டு மணி நேரம் நிக்க வச்சாக்கா" என்றேன். அக்கா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "எங்கிட்டச் சொல்லவே இல்லியேடா" என்று அழுதாள். எனக்காக யாரும் அழுது ரொம்ப நாளாகியிருந்தது. அதற்கப்புறம் எடைமேடையில் இருக்கும் பார்ட்னர் சகாதேவனிடம் சொன்னேன், அப்போது சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட் கரைந்துபோனதையும் சேர்த்துக்கொண்டேன், அது நானாகச் சேர்த்தது, மனுவில் இல்லை. பிறகு ஒரு நாள் சொல்லாமலே அது வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, காரணமே இல்லாமல், தண்ணீர் முதுகில் இறங்குவது, காலரில் நுழைந்து பெல்ட்டில் வந்து தேங்குவது, கதவின் பச்சை பெயிண்ட், அதில் யாரோ கட்சி ஸ்டிக்கர் ஒட்டிக் கிழித்த தடம், எதிர் வீட்டு ஜன்னலில் திரை விலகுவது. எங்கள் வீட்டுக் கதவு பழுப்பு நிறம். எனக்கு அது நன்றாகத் தெரியும், நான்தான் பெயிண்ட் அடித்தேன். ஆனால் நினைப்பில் கதவு பச்சையாகவே இருக்கிறது, மண்ணச்சநல்லூர்க்காரன் வீட்டுக் கதவு பச்சையாக இருந்திருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. வெயில் சுட்டாலும் டீ சுட்டாலும் தெரியாத இந்த உடம்புக்கு அந்த மழை மட்டும் குளிர்கிறது. அதனாலேயே ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அங்கே போய் நின்றுவிட்டு வருவேன்.

"மாமா." நிமிர்ந்தால் கதிரவன். கையில் இரண்டு பேப்பர் கப். "டீ வாங்குனேன், பழக்கதோஷத்துல உங்களுக்கும் சேத்து வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, கொடுக்கலாமா கூடாதா என்று அவனே திகைத்து நிற்கிறான். கல்யாணத்தின்போது சின்னப் பையனாக இருந்தவன், இப்போது முப்பது வயதாகி முன்மண்டையில் முடி இல்லை. வாங்கிக்கொண்டேன். நீதிமன்ற வராந்தாவில் மச்சினன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிப்பது மனுவுக்கு நல்லதா கெட்டதா என்று ஒரு கணம் ஓடியது, மூளை இப்போதெல்லாம் இப்படித்தான் வேலை செய்கிறது. அவன் போகவில்லை. நானும் ஒரு வருடமாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன், "கதிரு, உங்கக்கா ஒன்பதாவத ஏன் ஒத்துக்கிச்சு?" அதுதான் விஷயம். லூர்துசாமி சொன்ன மாதிரி அது சாகவில்லை. அவளுடைய எதிருரை வந்த அன்று சம்பந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். ஒன்று முதல் எட்டு வரை மறுக்கப்படுகிறது. பத்து முதல் பதினான்கு வரை மறுக்கப்படுகிறது, கற்பனையானது, உள்நோக்கம் கொண்டது. ஒன்பது: மேற்படி சம்பவம் உண்மையே. செத்துப்போ என்று கூறியதாகச் சொல்வது மட்டும் பொய். மனுதாரர் கதவைத் தட்டவோ எதிர்மனுதாரரைக் கூப்பிடவோ இல்லை. கூப்பிட்டிருந்தால் எதிர்மனுதாரர் கதவைத் திறந்திருப்பார். சம்பந்தம் மேஜையில் தட்டினார். "லட்டு மாதிரி வந்து விழுந்திருக்குங்க! அவங்க வாயாலேயே ஒத்துக்கிட்டாங்க, இனிமே நாம நிரூபிக்க வேண்டியதே இல்ல." லூர்துசாமி என்னைப் பார்த்தார், நான் லூர்துசாமியைப் பார்த்தேன், இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தோம். கதிரவன் இப்போது டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்கிறான். "எல்லாத்தையும் மறுத்துடலாம்னுதான் மாமா எங்க வக்கீலு சொன்னாரு. அக்காதான் ஒன்பது மட்டும் வேணாம், அது நடந்ததுன்னுச்சு. நான்கூடக் கேட்டேன், அப்படியெல்லாம் பண்ற ஆளா நீயின்னு. எந்திரிச்சுத் துணி மடிக்கப் போயிருச்சு." அவன் போன பிறகும் கப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சுடுகிறதா என்று தெரியவில்லை.

நான் நோட்டில் எழுதிவைத்த எதையும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை, அவை நடந்தவை. நடக்காததை ஒத்துக்கொண்டாள். ஏன்? சலித்துப்போய் ஏதாவது ஒன்றை ஒத்துக்கொண்டு தொலைத்தால் என்னிடமிருந்து விடுதலை கிடைக்கும் என்றா? அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டிருக்கலாமே. அல்லது அவளும் திரும்பத் திரும்பப் படித்தாளா, பல் தேய்க்கும்போது அவளுக்கும் வருகிறதா, கதவின் உள்பக்கம், தாழ்ப்பாளின் துரு, கதவிடுக்கு வழியாக என் செருப்பு தெரிவது? இது எனக்குப் பயமாக இருக்கிறது. இதை மட்டும் நான் நன்றாக உணர்கிறேன். பெண் பார்க்கப் போன அன்று காரில் ஏறியதுமே அக்கா சொன்னாள், "பொண்ணு பரவால்ல, ஆனா அழுத்தக்காரிடா." நான் அவளை இரண்டு நிமிடம்கூடப் பார்த்திருக்கவில்லை, தட்டை நீட்டினாள், எடுத்துக்கொண்டேன், ஆரஞ்சு நிறப் புடவை, மணிக்கட்டில் சின்னதாக ஒரு தீக்காயம், தோசைக்கல் பட்டது என்று பிறகு சொன்னாள். அவ்வளவுதான் என் சொந்தக் கணக்கில் இருந்தது. அதன் மேல் அழுத்தக்காரி என்கிற சொல் வந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவள் யோசித்துக்கொண்டிருந்தால் அழுத்தம், தலைவலியில் படுத்திருந்தால் அழுத்தம், சினிமாவில் அழாமல் இருந்தால் பார்த்தாயா அழுத்தம். வேறு ஒரு சொல்லை அக்கா சொல்லியிருந்தால், கூச்சக்காரி என்று சொல்லியிருந்தால், பதினோரு வருடம் நான் ஒரு கூச்சக்காரியோடு வாழ்ந்திருப்பேனோ என்னவோ. அக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை, அவள் சும்மா சொன்னாள், நான்தான் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். இப்போது மனதுக்குள்கூட அவளை எதிர்மனுதாரர் என்றுதான் நினைக்கிறேன். போன மாதம் கனவில் வந்தாள், கனவிலும் எதிர்மனுதாரர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

உண்மையில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு பத்தி இருக்கிறது, யாரும் கேட்கவில்லை, சம்பந்தம் கேட்கவில்லை, ஆலோசகர் அம்மா கேட்டார், அவரிடம் ஒண்ணுமில்ல மேடம் என்றேன். கல்யாணமாகி ஆறாவது வருடம் அவளுக்குக் கரு நின்றது. நான்காவது மாதத்தில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம், பட்டப்பகல், பாலக்கரையில் நெரிசல், ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், அவள் மடியில் மாத்திரைப் பையும் ஃபிளாஸ்க்கும். ஏதாவது சொல்ல வேண்டும். மௌனமாகப் போக எனக்குப் பயமாக இருந்தது. உனக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும் எனக்கு என்பதுதான் நெஞ்சில் இருந்தது, சத்தியமாக அதுதான் இருந்தது, வாயில் வந்தது வேறு. "நல்லவேள, ஆரம்பத்துலயே போச்சு." அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள். அந்தச் சரியை நான் ஒரு வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் நினைத்துப் பார்த்துத் திருத்தியிருக்கலாம், நான் சொல்ல வந்தது அது இல்லை என்று ஒரு வரி, அவளும் என்னவென்று கேட்டாள், மூஞ்சி ஏன் இப்படியிருக்கு என்று கேட்டாள். ஒண்ணுமில்ல என்றேன். மறுநாளும் ஒண்ணுமில்ல. அப்புறம் அது வசதியாகிப்போனது. சாப்பாடு எப்படி இருக்கு, ஒண்ணுமில்ல. ஏன் தூங்கல, ஒண்ணுமில்ல. கேட்ட கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லாமல் போன பிறகு அவள் கேட்பதை நிறுத்தினாள். நான் மின்கட்டணம் கட்டணும் என்றால் சரி, அக்கா வர்றா என்றால் சரி, நான் தனியா வீடு பாத்துட்டேன் என்றபோதும் சரி. ஐந்து வருடம் இரண்டே சொற்களில் குடித்தனம் நடத்தினோம். யாரும் யாரையும் திட்டவில்லை. மழையில் யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், ஒரு கதவைச் சாத்துவதற்காவது அவள் எழுந்து வந்திருப்பாள், ஒரு கதவைத் தட்டுவதற்காவது நான் கையைத் தூக்கியிருப்பேன்.

"அறிவழகன்! மங்கையர்க்கரசி!" இரண்டாவது தடவையில்தான் அது நாங்கள் என்று எனக்கு உறைக்கிறது. கல்யாணப் பத்திரிகை அடித்ததற்கு அப்புறம் இரண்டு பெயரையும் சேர்த்து யாரும் இப்படிச் சத்தமாகச் சொன்னதில்லை. எழுந்தேன். கால் மரத்துப்போயிருக்கிறது, இது பெஞ்சால் வந்த நிஜமான மரமரப்பு, ஊசி ஊசியாகக் குத்துகிறது. வாசலில் அவளும் நானும் ஒரே நேரத்தில் வந்துவிட்டோம், நான் ஒதுங்கினேன், அவள் முன்னால் போனாள். கூண்டு என்பது இடுப்பளவு மரச்சட்டம், கைவைத்துக் கைவைத்து மேல்விளிம்பு வழுவழுப்பாகியிருக்கிறது. நீதிபதி அம்மா தடுமனில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். சத்தியம் செய்தேன், பெஞ்ச் கிளார்க் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன். சம்பந்தம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார், "நிரூபண வாக்குமூலத்தப் படிச்சுப் பாத்துத்தான கையெழுத்துப் போட்டீங்க? அதுல இருக்கறதெல்லாம் உண்மைதான?" ஆமாம் என்பது நாக்கின் மேல் தயாராகவே இருந்தது. துப்பினால் போதும். அப்புறம் நான் சுதந்திரமானவன், கொடுமைக்கு ஆளானவன், மழையில் நின்றவன், சாகும் வரைக்கும் அப்படியே இருந்துகொள்ளலாம், அவளும் சாகும் வரைக்கும் கதவைச் சாத்தியவளாக இருப்பாள், ஒரு மண்ணச்சநல்லூர்க்காரனின் பொண்டாட்டியாக, அவளுக்கு மூஞ்சிகூடத் தெரியாத ஒருத்தனின் வீட்டில். "ஒன்பதாவது தவிர" என்றேன்.

சம்பந்தம் இருமினார். "மனுதாரர் கொஞ்சம் பதட்டமா இருக்கார், அம்மா" என்றார். நீதிபதி அம்மா வழக்குக் கட்டைப் புரட்டி ஒன்பதைக் கண்டுபிடித்து, வாய்க்குள் படித்து, நிமிர்ந்தார். "இதுதாங்க அவங்களே ஒத்துக்கிட்டது. ஒத்துக்கிட்டத நீங்க எதுக்கு இல்லங்கிறீங்க?" நான் சொன்னேன், அது என் வீட்டில் நடக்கவில்லை மேடம், வேறு யாருடைய மனுவிலோ இருந்தது, டைப் அடிக்கும்போது வந்துவிட்டது, நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் விட்டேன். என் குரல் யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது. சம்பந்தம் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, இனி வேறு வக்கீல் பார்க்க வேண்டும். கடைசி பெஞ்சில் லூர்துசாமி தலையைக் குனிந்துகொண்டார். அப்போது அவள் எழுந்தாள். அவள் வக்கீல் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டியும் உட்காரவில்லை. "நடந்துச்சு மேடம்" என்றாள். "நான் பூட்டுனேன். இவரு வெளியில நின்னாரு." நீதிபதி அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மனுப் போட்டவன் இல்லை என்கிறான், மறுக்க வேண்டியவள் ஆமாம் என்கிறாள், அவர் பார்க்காத வழக்கு இல்லை, இதை மட்டும் பார்த்திருக்க மாட்டார். "ரெண்டு மணி நேரம்னு போட்டிருக்கு, நீங்க..." என்று ஆரம்பித்தார். "அவ்வளவு நேரந்தான் போட்டிருக்கா?" என்றாள் அவள்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் சொன்னது எனக்குத்தான். பதினோரு வருடத்தில் அவள் சொன்னவற்றில் எனக்கு முழுதாகப் புரிந்த வாக்கியம் அது ஒன்றுதான், அவள் கணக்கில் அது ஐந்து வருடம். மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன், சட்டம் குளிர்ந்திருந்தது, நன்றாகவே தெரிந்தது. நடக்காத ஒன்றைப் பற்றிக் கேட்கிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை, கோர்ட் என்றும் தோன்றவில்லை, "அரசி" என்றேன். அந்தப் பெயரை எப்போது கடைசியாகச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. "நான் வெளியில நிக்கையில நீ உள்ள என்ன பண்ணிட்டிருந்த?" நீதிபதி அம்மா, "கோர்ட்டைப் பாத்துப் பேசுங்க, அங்க என்ன பேச்சு" என்று அதட்டினார். அவள் திரும்பினாள். கண் கலங்கவெல்லாம் இல்லை, சோர்ந்துபோயிருந்தாள், முன்நெற்றியில் நரை ஏறியிருந்தது, இதையெல்லாம் நான் பார்த்தே நாளாகிறது.

"நானும் நின்னுட்டுத்தாங்க இருந்தேன்" என்றாள். "கதவுக்கிட்டயே."

தட்டச்சு செய்யும் பெண் கையை எடுத்துவிட்டு, இதையும் அடிக்கலாமா என்று நீதிபதி அம்மாவைப் பார்த்தாள்.